குறுங்கோடைத் தக்காளியும் சிங்கப்பூர்த் தாழ்வாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறுங்கோடைத் தக்காளி என்று எதைச் சொல்கிறோம்?

கனடாவின் வடபகுதி, அலாஸ்கா, சைபீரியா, ஸ்காண்டிநேவியா ஆகிய இடங்களில், வசந்தத்தின் கடைசி உறைபனிக்கும் இலையுதிர் காலத்தின் முதல் உறைபனிக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று, நான்கு மாதங்களே கிடைக்கின்றன. அந்த இடைவெளிக்குள் பூத்து, காய்த்து, பழுத்துவிட வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட வகைகளை இங்கே குறுங்கோடைத் தக்காளி என்கிறோம். கனடாவின் அல்பர்ட்டா மாநிலத்தில் உள்ள பீவர்லாட்ஜ் ஆய்வு நிலையத்தில் உருவான சப்-ஆர்க்டிக் பிளென்டி, சுவீடனிலிருந்து வந்த கிளேசியர், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பேகட் உருவாக்கி 1984இல் வெளிவந்த ஆரிகன் ஸ்பிரிங் ஆகியவை இவற்றில் பெயர் பெற்றவை.

இவற்றில் பெரும்பாலானவை கொடியாக நீளாமல் குத்துச்செடியாக நின்றுவிடுபவை. அவரையில் செடி அவரை, கொடி அவரை என்று இரண்டு உண்டல்லவா, தக்காளியிலும் அதே பிரிவு உண்டு. கொடித் தக்காளி மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து என்று விட்டுக்கொண்டே ஓயாமல் வளரும். குத்துத் தக்காளியோ ஓரிரு இலைகளுக்கு ஒரு கொத்து என்று நெருக்கமாகப் பூத்து, கடைசியில் தண்டின் நுனியையே ஒரு பூங்கொத்தாக முடித்துக்கொள்ளும். இந்தக் குணத்தைத் தரும் மரபணு மாற்றம் 1914இல் ஃப்ளோரிடாவில் ஒரு செடியில் தானாகத் தோன்றியதாகும். இயந்திரத்தால் அறுவடை செய்யப்படும் இன்றைய வயல் தக்காளி அனைத்தும் அந்த மாற்றத்தைச் சார்ந்தே நிற்கிறது.

கோடையே முடியாத சிங்கப்பூரில் இந்த வகைகளால் என்ன பயன்?

நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டியது இவற்றின் விரைவையும் உருவத்தையும் மட்டுமே. குளிரைத் தாங்கும் திறன் நமக்கு உதவாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைக்காமல் விதை வாங்குகிறவர்களுக்குத்தான் ஏமாற்றம் வருகிறது.

தக்காளி காய் பிடிப்பதை இரவு வெப்பநிலையே பெரிதும் தீர்மானிக்கிறது. ஏறத்தாழ 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் வரையிலான இரவுகள் அதற்கு மிகவும் ஏற்றவை. இரவு 24 டிகிரிக்கு மேல் நின்றாலோ பகல் 32 டிகிரியைத் தாண்டினாலோ மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிரத் தொடங்கும். சிங்கப்பூரில் மே, ஜூன் மாத இரவுகளின் குறைந்த வெப்பநிலை சராசரியாக 25 டிகிரிக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் அது 24 டிகிரி அளவுக்கு இறங்குகிறது, பருவக்காற்று வலுத்து அடைமழை பிடிக்கும் நாட்களில் 22, 23 வரை போவதும் உண்டு. பார்வைக்கு இது மிகச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் பூ நிற்பதா உதிர்வதா என்ற எல்லைக்கோடு சரியாக அந்த இடத்தில் இருப்பதால், அந்த ஒரு டிகிரி முழுப் பருவத்தின் பலனையும் மாற்றிவிடுகிறது.

ஆகவே நமக்கும் ஒரு குறுகிய பருவம் இருக்கிறது. வடநாட்டுத் தோட்டக்காரர் உறைபனி இல்லாத வாரங்களை எண்ணுகிறார். நாம் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த இரவுகளை எண்ண வேண்டும். பூப்பதையும் காய் பிடிப்பதையும் சில வாரங்களுக்குள் மொத்தமாக முடித்துக்கொள்ளும் செடி, அந்தச் சிறிய வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மாதக்கணக்கில் நீண்டுகொண்டே போகும் கொடி வகை, நல்ல இரவுகளில் பாதியை இலையும் தண்டும் வளர்ப்பதிலேயே செலவிட்டுவிட்டு, மார்ச் மாதப் புழுக்கத்தில் பூத்து உதிரும்.

நம் ஈரச்சந்தைகளில் கிடைக்கும் தக்காளியில் பெரும்பங்கு மலேசியாவின் கேமரன் மலையிலிருந்து வருவதற்கும் இதே இரவுக் குளிர்தான் காரணம்.

விதை உறையில் “55 நாள்” என்று இருக்கிறது. இன்று விதைத்தால் 55ஆவது நாள் பழம் கிடைக்குமா?

கிடைக்காது. அந்த எண் பெரும்பாலும் நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து கணக்கிடப்படுவது. விதை முளைத்து நடும் பருவத்துக்கு வர ஐந்து வாரங்கள் தனியாக ஆகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. தக்காளியின் வளர்ச்சியை ஏறத்தாழ 10 டிகிரிக்கு மேல் கிடைக்கும் வெப்பத்தை வைத்து அளப்பது வழக்கம். சராசரியாக 17 டிகிரி இருக்கும் ஒரு வடநாட்டுக் கோடை நாள் செடிக்கு 7 டிகிரி வெப்பத்தைத் தருகிறதென்றால், சராசரியாக 28 டிகிரி இருக்கும் நம் நாள் 18 டிகிரியைத் தருகிறது. அப்படியானால் பாதி நாட்களில் பழம் வந்துவிட வேண்டுமே என்று தோன்றும். ஆனால் பீவர்லாட்ஜில் நடுக்கோடைப் பகல் 17 மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது, நமக்கோ ஆண்டு முழுவதும் 12 மணி நேரம்தான். அதோடு, பகலில் செடி சேர்க்கும் சர்க்கரையில் ஒரு பகுதியை நம் வெதுவெதுப்பான இரவு செலவழித்துவிடுகிறது. எனவே உறையில் உள்ள எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, விதைத்ததிலிருந்து மூன்று மாதம் என்று திட்டமிடுவதே நிதானமான கணக்கு. பகல் நீளம் குறைவு என்பதால் பூக்காமல் போய்விடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. பயிரிடப்படும் தக்காளி பகல் நீளத்தைப் பார்த்துப் பூப்பதில்லை.

சிங்கப்பூரில் எப்போது விதைக்க வேண்டும்?

அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து இறுதிக்குள் விதைத்துவிடுங்கள். தீபாவளி நெருங்கும்போது விதை மண்ணில் இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாற்று நவம்பர் கடைசியில் தொட்டிக்கு மாறும், டிசம்பர் இறுதி வாரங்களில் முதல் பூங்கொத்து விரியும், பொங்கலுக்கு முன்னும் பின்னும் காய் பிடிக்கும், பிப்ரவரியில் பழுக்கும். பிப்ரவரி நமக்கு மழை குறைந்து வெயில் மிகுந்த மாதம் என்பதால், பழத்தில் இனிப்பு ஏறுவதற்கும் இதுவே பொருத்தமான வரிசை.

இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நவம்பரும் டிசம்பரும் ஆண்டிலேயே மழையும் மேகமும் மிகுந்த மாதங்கள். நாற்று அந்த மங்கலான வெளிச்சத்தில் வளர வேண்டியிருக்கிறது, இரவுக் குளிர் வேண்டுமென்றால் வெளிச்சத்தில் சற்று விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். நாற்றுப் பருவத்தில் மட்டும் வீட்டுக்குள் ஒரு வெள்ளை எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டால், தண்டு நெடுநெடுவென நீளாமல் குட்டையாகவும் தடிப்பாகவும் எழும். எனக்குத் தெரிந்து இந்தச் செலவு ஒவ்வோர் ஆண்டும் பலன் தருகிறது.

வீட்டில் எந்தப் பக்கம் தொட்டியை வைப்பது?

இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு பதில் மாறும், விதையின் பெயரை ஆராய்வதைவிட இதற்கு அதிக நேரம் கொடுப்பது நல்லது. தக்காளிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் தேவை. குட்டை வகைகள் நான்கு மணி நேரத்திலும் ஓரளவு காய்க்கும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே இருப்பதால், மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம் சாய்ந்தும் செல்கிறது. வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஜூன் மாதம் வெயில் விழுவதைப் பார்த்து, அதே இடத்தில் டிசம்பரில் தக்காளி வைத்தால் செடி முழுப் பருவமும் நிழலில் நிற்கும். நாம் சொல்லும் பருவத்துக்குத் தெற்குப் பார்த்த இடம் மிகவும் நல்லது. கிழக்குப் பார்த்த இடம் காலை வெயிலால் நல்லது. மேற்குப் பார்த்த இடத்தில் வெயில் போதுமான அளவு இருந்தாலும், பிற்பகல் முழுதும் சூடேறும் சுவர் இரவு வரை அந்த வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும்.

கான்கிரீட் தேக்கிவைக்கும் வெப்பத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கட்டடங்கள் நெருங்கிய ஆர்ச்சர்ட் சாலைப் பகுதிக்கும் பண்ணைகள் உள்ள லிம் சூ காங் பகுதிக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வேறுபாடு அளக்கப்பட்டிருக்கிறது. அதனால், அக்கம்பக்கத்துச் சமூகத் தோட்டத்திலோ தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்குத் தரும் தோட்டப் பாத்தியிலோ உங்களுக்கு இடம் கிடைத்தால், புல்லும் மரமும் சூழ்ந்த அந்த இடத்தின் இரவு, தாழ்வாரத்தின் இரவைவிடத் தக்காளிக்கு உகந்தது. வீட்டில்தான் வளர்க்க முடியும் என்றால், அறைக் குளிரூட்டியின் (ஏர்கான்) வெளிப்பகுதி வெப்பக்காற்றை ஊதும் திசையில் தொட்டியை ஒருபோதும் வைக்காதீர்கள். இரவு முழுவதும் ஓடும் அந்தக் காற்று ஒன்றே எல்லாப் பூக்களையும் உதிர்த்துவிடும்.

பொதுத் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்; கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்கவே கூடாது.

எந்த வகையிலிருந்து தொடங்கலாம்?

சிறிய பழம் தரும் குட்டை வகைகளிலிருந்து தொடங்குங்கள். நியூ ஹாம்ப்ஷர் பல்கலைக்கழகம் 1945இல் வெளியிட்ட டைனி டிம், ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட மைக்ரோ-டாம் ஆகிய இரண்டும் தாழ்வாரத்துக்கென்றே அமைந்தவை போன்றவை. மைக்ரோ-டாம் ஒரு சாண் உயரத்தைத் தாண்டுவது அரிது. சிறு பழ வகைகள் வெப்பமான இரவுகளிலும் பெரிய பழ வகைகளைவிட நன்றாகவே காய் பிடிக்கும். அடுத்த பருவத்தில் கிளேசியரையும் சப்-ஆர்க்டிக் பிளென்டியையும் முயன்று பார்க்கலாம்.

ஆரிகன் ஸ்பிரிங் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மகரந்தச் சேர்க்கை நடக்காவிட்டாலும் விதையில்லாக் காயாகத் திரளும் குணம் அதற்கு உண்டு. குளிரில் மகரந்தம் செயலிழக்கும் இடங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட குணம் அது. வெப்பத்திலும் மகரந்தம்தான் முதலில் செயலிழக்கிறது என்பதால் அந்தக் குணம் நமக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். ஆனால் வெப்பம் சூலகத்தையும் பாதிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பி ஜூன் மாதத்தில் நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டு முழுவதும் தக்காளி வேண்டும் என்பவர்கள், தைவானில் உள்ள உலகக் காய்கறி மையத்தின் வெப்பம் தாங்கும் வகைகளின் வழிவந்த விதைகளைத் தேடுவதே முறை.

தொட்டியும் மண்ணும் எப்படி இருக்க வேண்டும்?

மைக்ரோ-டாமுக்கு 2 லிட்டர், டைனி டிம்முக்கு 5 லிட்டர், கிளேசியர் போன்றவற்றுக்கு 15 லிட்டருக்குக் குறையாத தொட்டி தேவை. தேங்காய் நார்த்தூளும் நன்கு மக்கிய தொழுவுரமும் சம அளவில் கலந்து, கால் பங்கு பெர்லைட்டோ (மண்ணை இலகுவாக்கும் வெண்ணிறப் பொரிகல்) கரடுமுரடான மணலோ சேர்த்தால் அடைமழையிலும் நீர் தேங்காது. பூக்கத் தொடங்கும் வரை தழைச்சத்தும் (நைட்ரஜன்), அதன் பிறகு சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரமும் கொடுக்க வேண்டும்.

பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டுமா?

வேண்டாம். கொடி வகைக்குச் சொல்லப்படும் அறிவுரை அது. குத்துச்செடியின் விளைச்சல் முழுவதும் அந்தப் பக்கக் கிளைகளின் நுனியில்தான் இருக்கிறது. அவற்றைக் கிள்ளினால் பழத்தையே கிள்ளுகிறீர்கள். மண்ணைத் தொடும் கீழிலைகளை மட்டும் நீக்குங்கள்.

செடி நன்றாகப் பூக்கிறது, ஆனால் ஒரு காய் கூட நிற்கவில்லை. ஏன்?

முதலில் பூவின் காம்பைப் பாருங்கள். காம்பின் நடுவே கணு போன்ற ஒரு சிறிய முடிச்சு இருக்கும். அந்த முடிச்சு மஞ்சளாகி, அதற்கு மேல் உள்ள பகுதி மட்டும் வாடினால், கருவுறாத பூவைச் செடி கழித்துவிட முடிவு செய்துவிட்டது என்று பொருள். முடிச்சு பச்சையாகவே இருந்து, இதழ்கள் காய்ந்து பின்னோக்கிச் சுருண்டு, நடுவில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை தெரிந்தால் காய் பிடித்துவிட்டது.

தக்காளிப் பூவின் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரு மஞ்சள் கூம்பாக நிற்கின்றன. மகரந்தம் அந்தக் கூம்பின் உட்புறத்தில் இருக்கிறது. அதிர்ந்தால்தான் அது கீழே கொட்டும். திறந்த வெளியில் காற்றும், உடலை அதிரச் செய்து பூவை உலுக்கும் வண்டினங்களும் இந்த வேலையைச் செய்கின்றன. பன்னிரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் அவற்றை எதிர்பார்க்க முடியாது, ஆகவே நாமே அதிர வைக்க வேண்டும். மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைப் பூங்கொத்தின் காம்பில் இரண்டு, மூன்று நொடிகள் தொட்டு எடுப்பது போதும். பூவுக்குக் கீழே கறுப்புத் தாளையோ கைபேசியின் கறுப்புத் திரையையோ பிடித்துப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் பொடி மெல்லிய புகை போல விழுந்தால் மகரந்தம் நல்ல நிலையில் இருக்கிறது. எதுவுமே விழவில்லை என்றால் ஒன்று வெப்பம் அதைக் கெடுத்திருக்கும், அல்லது ஈரப்பதத்தால் அது கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஈரப்பதம் நமக்கு வெப்பத்துக்கு அடுத்த பெரிய தடை. விடிந்ததும் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும், அப்போது பூவை அசைத்துப் பயனில்லை. மழை இல்லாத நாளில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் நண்பகலுக்குள் செய்யுங்கள். தொடர் மழை நாட்களில் ஒரு சிறிய மின்விசிறியைச் செடியின் பக்கம் திருப்பி வைத்தால் மகரந்தம் உலர்வதோடு இலைநோய்களும் குறையும்.

தழைச்சத்து உரம் மிகுந்தாலும் இலை கருகருவென்று செழித்து, பூ நிற்காது. மீன் கழிவு உரத்தை வாரந்தோறும் ஊற்றுபவர்கள் பூ கண்டவுடன் நிறுத்திக்கொள்ளட்டும்.

தண்ணீர் எப்படி ஊற்றுவது? கொசு வந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

காலையில் ஒருமுறை, அடித்துளை வழியாக நீர் கசியும் வரை ஊற்றுங்கள். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் நனைத்து என்று மாறிமாறிச் செய்தால், சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தும் காய்க்குச் சென்று சேராமல், காயின் அடிப்பகுதி கறுத்து அழுங்கிப்போகும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவது அந்தப் பருவத்துக்குள் இதைச் சரிசெய்யாது, ஏனெனில் அது மக்க நெடுநாள் ஆகும்; தண்ணீரை ஒழுங்குபடுத்துவதுதான் உண்மையான மருந்து. பழுக்கும் நேரத்தில் தொட்டி மழையில் நனைந்தால் பழத்தோல் வெடிக்கும், ஆகவே பிப்ரவரியிலும் தொட்டியைக் கூரைக்கு அடியிலேயே வையுங்கள்.

ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும் என்பதால், தொட்டியின் அடித்தட்டை முடிந்தால் அறவே தவிர்த்துவிடுங்கள். தட்டு வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேல்மண் இறுகிவிட்டால் அதன் மேல் நிற்கும் நீரிலும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். இது நம் வீட்டாரின் உடல்நலத்தோடு அடுத்த வீட்டுக் குழந்தையின் உடல்நலத்தையும் சார்ந்த கடமை.

நேற்று வரை நன்றாக இருந்த செடி இன்று பச்சையாகவே தொங்கிவிட்டது. நீர் ஊற்றியும் எழவில்லை.

பாக்டீரியா வாடல் நோயாக இருக்கக்கூடும். வெப்பமண்டலத் தாழ்நிலங்களில் தக்காளிக்கு இதைவிடக் கொடிய நோய் குறைவு. தண்டை அடியில் வெட்டி, வெட்டிய முனையைக் கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழை கீழ்நோக்கி இறங்கினால் அதுவேதான். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தொட்டியையும் கத்தியையும் கழுவிக் கிருமிநீக்கம் செய்யுங்கள்.

குறுங்கோடை வகைகளுக்கு இந்த நோயை எதிர்க்கும் திறன் இல்லை, ஏனெனில் அவை பிறந்த குளிர்நிலங்களில் அந்தத் திறனைத் தேட வேண்டிய தேவையே எழவில்லை. இதனால்தான் சமூகத் தோட்டத்தில் இவற்றை நேரடியாகத் தரையில் நடாமல், புதிய கலவை நிரப்பிய தொட்டியில் வளர்க்கச் சொல்கிறேன். தரையில்தான் நட வேண்டும் என்றால், எதிர்ப்புத் திறன் உள்ள கத்தரி நாற்றின் மேல் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையை உலகக் காய்கறி மையம் நெடுங்காலமாகப் பரப்பிவருகிறது. கை பழகியவர்கள் அதை முயலலாம்.

பழம் சிவப்பாகாமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடுகிறதே?

சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமிகள் மட்டும் தொடர்ந்து உருவாகின்றன. பழத்தின் அடிப்பகுதியில் இளஞ்சிவப்புக் கீற்று தெரிந்தவுடன் காம்போடு பறித்து, வெயில் படாத, காற்றோட்டமான அறையில் ஒரு தட்டில் பரப்பி வையுங்கள், குளிர்பதனப் பெட்டியில் வேண்டாம். அந்தக் கட்டத்துக்குப் பின் செடியில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும் சுவையில் பெரிய வேறுபாடு வருவதில்லை, மைனாக்களிடமிருந்தும் பழம் தப்பும்.

கனடாவில் இருக்கும் என் தங்கை கறுப்புத் தாள் விரித்து, கூடாரம் போட்டு வளர்க்கிறாள். நானும் செய்யலாமா?

அவர் செய்வது அவருடைய மண்ணுக்குச் சரி. அங்கே குளிர்ந்த மண்ணைச் சூடாக்கக் கறுப்புத் தாளும், இரவுக் குளிரைத் தடுக்கக் கூடாரமும் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளில் அங்கும் பெரும்பாலும் காய் பிடிக்காது. நமக்குத் தேவை இதற்கு நேர்மாறு: வெளிர் நிறத் தொட்டி, மண்ணின் மேல் வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு, நாற்புறமும் திறந்த காற்று. அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆறு, எட்டு வாரங்களுக்கு முன்பே வீட்டுக்குள் நாற்று விடும் ஒழுங்கு அது. நாட்காட்டியில் ஜனவரியைக் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா?

கொண்டுவருவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி விதிகளைப் பார்த்துவிடுங்கள். வகையைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 முட்டுக்கொடுக்காமல் வளரும் செடி, ரசத்துக்கு ஏற்ற புளிப்பு உள்ள பழம். அதற்கு 15 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும்.

அறுவடை முடிந்த செடியை வைத்திருந்தால் மீண்டும் காய்க்குமா?

ஒன்றிரண்டு காய்க்கும், அதற்காக வைத்திருக்க வேண்டாம். மார்ச்சுக்குப் பிறகு அந்தச் செடி வெள்ளை ஈக்கும் செம்பேனுக்கும் இருப்பிடமாகி, பக்கத்தில் உள்ள மிளகாயையும் கத்தரியையும் கெடுக்கும். வேரோடு எடுத்துவிட்டு, அந்த மண்ணில் அடுத்து கீரையோ வெண்டையோ போடுங்கள். தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்த எதையும் போடாதீர்கள். கிளேசியர், சப்-ஆர்க்டிக் பிளென்டி, டைனி டிம் போன்றவை வீரிய ஒட்டு அல்லாத வகைகள் என்பதால் அவற்றின் விதையை எடுத்து வைக்கலாம். நன்கு பழுத்த பழத்தின் விதையைச் சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத சிறு குப்பியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வெளியே வைத்த விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும்; குப்பியில் வைத்தது அக்டோபரில் தயங்காமல் முளைக்கும்.